இரண்டு பேர் எடுத்த ஒரு பை

அத்தியாயம் 3

“பாபநாசம், பாபநாசம், பாபநாசம்!” என்று கண்டக்டர் பஸ் வாசலில் நின்று தொண்டை கிழியக் கூவினார்.

“அண்ணாச்சி, ஒங்களத்தான் கூப்பிடுதாவ. என்னன்னு கேளுங்க” என்றாள் சுடலைவடிவு.

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நெல்லை ஜங்ஷன் பஸ் நிலையத்தில் இந்த வேடிக்கையைச் சொல்லி வருகிறாள். துப்பறியும் பாபநாசமும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்து வைப்பார். உதவியாளரின் மனம் நோகக் கூடாது என்பது அவருடைய தொழில் விதிகளில் முதலாவது. நெற்றியில் விபூதி, கையில் குடை, நாற்பதைத் தாண்டிய வயது. ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் தேடிப் போனவர். பொய்யைவிட நிஜமான துக்கத்தையே அதிகம் கண்டு, அந்த வேலையை விட்டவர்.

முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் கெசியா, பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியின் தமிழ் விரிவுரையாளர். ஜன்னலோரம் அவருடைய மாணவி ரீபா. அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

பஸ் பேட்டையைத் தாண்டியதும் பாபநாசம் முன்பக்கம் குனிந்தார்.

“மிஸ், இன்னொரு தடவை ஆதியில இருந்து சொல்லுங்க. பைய சொல்லுங்க, அவசரமில்ல.”

கெசியா திரும்பி உட்கார்ந்தார். “நேத்து இவ வகுப்புப் பிள்ளைங்களைக் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்துல பொருநை ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன் சார். சினிமா எப்படி எடுக்காங்கன்னு பாக்கதுக்கு. ‘எதையும் தொடக் கூடாது’ன்னு எல்லார்ட்டயும் வாக்கு வாங்கிட்டுத்தான் உள்ளயே விட்டேன். நல்லபடியா பாத்துட்டுத் திரும்பியாச்சு. இன்னைக்குக் காலையில அந்தப் படக் கம்பெனி மேனேஜர் பிரின்சிபால் ரூம்ல வந்து நிக்கார். கம்பெனிப் பொருள் ஒண்ணை நம்ம பிள்ளை ஒருத்தி களவாண்டுட்டாளாம்.”

“என்ன பொருளு?”

“அதைப் பிரின்சிபால்ட்ட மட்டும் ரகசியமாச் சொன்னாராம். எங்ககிட்ட வாயத் தொறக்கல. இவளை மட்டும் தனியாக் கூப்பிட்டு, ‘நேத்து இன்னொரு பொண்ணுகிட்ட இப்படிச் சொன்னியா இல்லியா’ன்னு கேட்டார். இவ ‘சொன்னேன்’னுட்டா. யாரு அந்த இன்னொருத்தின்னு கேட்டா, வாயே தொறக்க மாட்டேங்கா.”

“பொறவு?”

“சாயங்காலம் காலேஜ் அடைக்கதுக்குள்ள பொருள் வந்து சேரணும். இல்லைன்னா டி.சி. குடுத்து அனுப்பிருவாங்க. அப்பாவை வரச் சொல்லி நாசரேத்துக்குப் போன் போயாச்சு.” கெசியாவின் குரல் இறங்கியது. “அவர் கோயில்ல மணியடிக்கிறவர் சார். அந்தக் குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் பிள்ளை இவதான்.”

பாபநாசம் ரீபாவைப் பார்த்தார். “காலையில ஏதாவது சாப்பிட்டியாம்மா?”

அவள் தலையசைத்தாள். இல்லை.

சேரன்மகாதேவியில் பஸ் நின்றதும் அவர் இறங்கிப் போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கண்டக்டர் விசில் ஊதி ஊதிக் களைத்திருந்தார்.

“மத்த துப்பறிவாளர்லாம் சந்தேகப்பட்ட ஆளு மூஞ்சில டார்ச் லைட்டு அடிப்பாவ. எங்க அண்ணாச்சி வாழப்பழம் வாங்கிக் குடுப்பாவ” என்றாள் வடிவு. “இதுனாலதான் இன்னும் நம்ம பஸ்ல போய்க்கிட்டிருக்கோம்.”

ரீபா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். அரைச் சிரிப்புத்தான். ஆனால் இரண்டு பழம் சாப்பிட்டாள்.

*

பொருநை ஸ்டுடியோ ஒரு காலத்தில் அரிசி ஆலையாக இருந்த கட்டடம். நெல் காயப்போட்ட களத்தில் இப்போது சினிமாக்காரர்களின் வண்டிகள் நின்றன. ஆனி மாதத்துச் சாரல் காற்று மலையிலிருந்து இறங்கி, தகரக் கூரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கெசியாவையும் ரீபாவையும் களத்து வேப்ப மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு மற்ற இருவரும் உள்ளே போனார்கள்.

மேனேஜர் கணேஷ்ராம் சென்னைக்காரர். வியர்வையைத் துடைப்பதற்கென்றே தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். கோபக்காரர்போல் கத்தினாரே தவிர, உண்மையில் அவர் பயந்துபோயிருந்தார். பயந்தவர்களின் குரல்தான் எப்போதும் பெரிதாக இருக்கும் என்பது பாபநாசத்துக்குத் தெரியும்.

“போலீஸ் வேணாம்னுதான் நானும் பார்க்கறேன். ஆனா அந்தப் பொண்ணு வாயைத் திறக்கணும் இல்ல?”

“நீங்க மொதல்ல தொறங்க சார். என்ன காணாமப் போச்சு?”

கணேஷ்ராம் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நெகட்டிவ் சார். நேத்து எடுத்த மொத்த சீனும் ஒரு பையில இருந்தது. அதோட இன்னொரு காப்பி இந்த உலகத்துலயே கிடையாது. திரும்ப எடுக்கலாம்னா, அதுல நடிச்ச பெரியவரோட தேதி இனிமே எப்பக் கிடைக்குமோ தெரியாது. புரொடியூசர் காதுக்குப் போச்சுன்னா எனக்கு வேலை இல்ல. அதனாலதான் யார்கிட்டயும் என்ன பொருள்னு சொல்லாம விசாரிச்சிட்டிருக்கேன்.”

“பை எப்படி இருக்கும்?”

“கறுப்புத் துணி. நல்ல கனம்.”

“கடைசியா எங்கன பாத்திய?”

“வாங்க, காட்டறேன்.”

உள்ளே ஒரு கோயில் மண்டபம் நின்றது. பலகையும் சாக்கும் சுண்ணாம்புமாகச் செய்த மண்டபம். வடிவு ஒரு கல் தூணில் சாய்ந்தாள். கல் தூண் லேசாகப் பின்வாங்கியது.

“அய்யோ, நான் ஒண்ணும் செய்யல! தூணுதான் பயந்துக்கிட்டு” என்றாள்.

மண்டபத்தின் நடுவில் இருந்த பிள்ளையார் முன்னால் பாபநாசம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

“அண்ணாச்சி, அது சாக்குத்துணியும் சுண்ணாம்பும்.”

“இருக்கட்டும். கும்பிடுதவன் நெசமாத்தான கும்பிடுதேன்” என்றார் அவர். கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. “இப்ப சொல்லுங்க சார்.”

“இந்தத் தூண் ஓரமாத்தான் பையை வச்சேன். பெரியவர் நெல்லை எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் கிளம்பினார். அவர்கூடப் பை போய் லேப்புக்குச் சேரணும். மேலப்பாளையத்து டிரைவர் இப்ராஹிம் அவரை ஏத்திக்கிட்டு வண்டியில ரெடியா இருந்தான். எனக்கு ஆயிரம் வேலை. வாசல்லயே நின்னு, பையை எடுத்துட்டுப் போன்னு கத்தினேன். கையாலயும் காட்டினேன், தூணுக்குக் கீழ இருக்குன்னு. இப்படி.” உள்ளங்கை தரையைப் பார்க்க, கணேஷ்ராம் காற்றை இரண்டு தடவை அழுத்திக் காட்டினார். “அவனும் தலையாட்டினான்.”

“எடுத்துட்டுப் போனானா?”

“நான் அப்பவே உள்ள போயிட்டேனே. ஆனா என்ன லட்சணத்துல ஓட்டினானோ, பெரியவர் நகர்ற ரயில்ல தொத்தி ஏறியிருக்கார். காலைல லேப்லேர்ந்து போன், பை வரலைன்னு. பெரியவரைக் கேட்டா, என்ன பைங்கறார். இப்ராஹிமைக் கூப்பிட்டு, நான் சொன்ன மாதிரி எடுத்துட்டுப் போனியாடான்னு கேட்டேன். ‘நீங்க சொன்ன மாதிரியேதான் எடுத்துட்டுப் போனேன் சார்’னு சத்தியம் பண்றான்!”

“அப்போ பை இப்ராஹிம்ட்டல்லா இருக்கணும்?”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் நேத்து சாயங்காலம் நடந்தது ஞாபகம் வந்தது. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்துல, இந்தத் திரைச் சுவருக்குப் பின்னாடி நான் நின்னுட்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு குசுகுசுன்னு சொல்றா: பையை எடுத்துட்டுப் போ, யாரும் பார்க்கக் கூடாதுன்னு. எட்டிப் பார்த்தேன். சொன்னவ முகம் நல்லாத் தெரிஞ்சுது. இந்த ரீபாதான். இன்னொருத்தி முதுகுதான் தெரிஞ்சுது. ஏதோ அவங்க பை போலன்னு அப்ப விட்டுட்டேன். காலைல போய்க் கேட்டா, அவளும் ஆமாங்கறா!”

வடிவு விரலை மடக்கினாள். “ஒரு பை. எடுத்தது ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாவ. ரெண்டு பேர்ட்டயும் பை இல்ல. எங்க தொழில்ல ஒருத்தரை ஒத்துக்கிட வைக்கதுக்குள்ள நாக்குத் தள்ளிரும். ஒங்களுக்கு அமோகமான ராசி சார்.”

“ரெண்டு பேரும் கூட்டுன்னு வச்சுக்குங்களேன்” என்றார் கணேஷ்ராம்.

“மேலப்பாளையத்து டிரைவரும் ஆஸ்டல் பிள்ளையும் கூட்டுச் சேந்து நெகட்டிவைக் கொண்டு போயி என்ன செய்வாவ? கல்லிடைக்குறிச்சியில அப்பளக் கடை போடவா?”

“வடிவு” என்றார் பாபநாசம், அடக்கும் குரலில். ஆனால் அவருக்கும் உதடு துடித்தது. “இங்கன நல்லாத் தேடிட்டியளா சார்?”

“ஆபீஸ், மேக்கப் ரூம், வண்டி ஒண்ணு விடல. செட்டுல மட்டும் கண்ணால பார்த்தேன், எதுலயும் கை வைக்கல. கை வைக்கவும் கூடாது. எடுத்தது நல்லா வந்திருக்குன்னு லேப் சொல்ற வரைக்கும் செட்டைக் கலைக்க மாட்டோம். லைட்டை ஒரு அங்குலம் நகர்த்த மாட்டோம். திரும்ப எடுக்கணும்னா எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கணும். பெருக்கக்கூட விடல.”

“அதான் கால்ல மணலு நறநறன்னுது” என்றாள் வடிவு, பெரிய விளக்கு ஒன்றின் அருகில் ஒற்றைக் காலில் நின்று உள்ளங்காலைத் தட்டியபடி. “ஆத்து மணலு.”

எல்லா விளக்குகளின் கால்களிலும் கறுப்பு மூட்டைகள் இருந்தன. பாபநாசம் குடை நுனியால் ஒன்றைக் காட்டினார். “இதெல்லாம் என்ன?”

“மணல் மூட்டை. காத்துல ஸ்டாண்டு சாயாம இருக்க கால் மேல கனம் வைப்போம். பழைய திரைத்துணி வீணாக் கிடந்தது. எல்லாத்தையும் அதுலயே தைச்சு வாங்கிட்டேன்” என்றார் கணேஷ்ராம். அந்த நெருக்கடியிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

*

முகம்மது இப்ராஹிம் களத்தின் மூலையில் அம்பாசடரைக் கழுவிக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்த வேகத்தில் மன வருத்தம் தெரிந்தது.

“காலையில இருந்து ரெண்டு வாட்டி கேட்டுட்டாவ அண்ணாச்சி. என்னமோ நான் தப்பு செஞ்ச மாதிரி. அல்லா மேல ஆணை, அவிய சொன்னதுக்கு மேல ஒண்ணும் செய்யல.”

“அவிய என்ன சொன்னாவ?”

“பைய எடுத்துட்டுப் போன்னாவ. எடுத்துட்டுப் போனேன்.”

“எதை?”

“எதையா? வண்டியத்தான்!” இப்ராஹிம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பைய எடுத்துட்டுப் போன்னாவ, வண்டியப் பையத்தான் எடுத்தேன். ரோடு முழுக்கக் குண்டும் குழியும். பின்னால பெரியவரு, இடுப்பு வலிக்காரரு. எனக்கு மனசு குளுந்து போச்சு அண்ணாச்சி. மெட்ராஸ்காரவுக வழக்கமா ‘சீக்கிரம் போ, சீக்கிரம் போ’ன்னு உசுர வாங்குவாவ. இந்த மனுசன் வயசானவருக்கு வலிக்கக் கூடாதுன்னு நெனைக்காரு பாரு, கையையும் இப்படி அமத்தி அமத்திக் காட்டுதாரு பாருன்னு நெனைச்சேன். வீரவநல்லூர் வரைக்கும் சைக்கிள்காரன்லாம் என்னத் தாண்டிப் போறான். பஸ்காரன் பொறத்தால நின்னு ஹாரன் அடிச்சுக் கொல்லுதான். நான் அசையலயே!”

வடிவு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேப்ப மரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது.

பாபநாசம் அப்படியே வண்டியின் பம்பரில் உட்கார்ந்தார். “முருகா” என்றார் மெதுவாக. “நம்ம காதுலயே இத்தனை நேரம் விழலையே. பை காணாமப் போச்சு, பை காணாமப் போச்சுன்னு கேட்டுக்கிட்டே வந்ததுல நமக்கும் ‘பையை’ன்னுதான் கேட்டிருக்கு.”

பின்னாலேயே வந்திருந்த கணேஷ்ராம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சொல்றான்? எனக்கு ஒண்ணும் புரியல.”

“சார், ஒங்க ஊர்ல அவசரத்துல ‘பைய எடுத்துட்டுப் போ’ன்னா கையில தூக்குத பையை எடுத்துட்டுப் போகணும். எங்க ஊர்ல ‘பைய’ன்னா மெதுவா. பைய நட, பைய பேசு, பைய சாப்பிடு. தாமிரவருணித் தண்ணி குடிச்ச பச்சைப் பிள்ளைக்கும் அது தெரியும்” என்றார் பாபநாசம்.

“மெதுவாப் போறதுக்கா ‘பைய’?”

“வேற எதுக்குச் சொல்லுவாவ?” என்றார் இப்ராஹிம், உண்மையான வியப்போடு.

கணேஷ்ராம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளிருந்து குரல் வந்தது. “அப்ப ரயில் போகட்டும்னு நானே கையைக் காட்டியிருக்கேன்.”

“ரெண்டு தடவை” என்றாள் வடிவு.

துண்டு சட்டென்று விலகியது. “இருங்க, இருங்க! அப்ப இவன் எடுக்கல. சரி. பை தூணுகிட்டயேதான் இருந்திருக்கு. அந்தப் பொண்ணுதான் எடுத்திருக்கா!”

“அந்தப் பிள்ளையும் இதே தண்ணிதான் சார் குடிக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்தார் பாபநாசம்.

*

ரீபா வேப்ப மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாபநாசம் குடையைக் கீழே வைத்துவிட்டு எதிரே தரையிலேயே அமர்ந்தார். நின்றபடி கேட்டால் கேள்வி மேலிருந்து விழும். அது சின்னவர்களுக்கு வலிக்கும்.

“அம்மா, காணாமப் போனது ஒரு பை. அது ஒனக்குத் தெரியுமா?”

ரீபா நிமிர்ந்தாள். “பையா? பையா காணல? அந்த சார் அப்படிச் சொல்லவே இல்லியே!”

“சொல்லல. நீ சொன்னதும் பையை இல்ல. பைய எடுத்துட்டுப் போன்னுதான் சொல்லியிருக்க. மெதுவா.”

“ஆமா சார்.”

“யாருகிட்ட சொன்னேன்னு நான் கேக்க மாட்டேன். அது ஒங்கிட்டயே இருக்கட்டும். எதை பைய எடுத்துட்டுப் போகச் சொன்ன? அதை மட்டும் சொல்லு.”

அவள் கெசியாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “அணில் குஞ்சு சார்” என்றாள்.

“என்னது?” என்றார் கணேஷ்ராம்.

“கடைசியில ஒரு பெரிய லைட்டைப் போட்டு, சூரியன் உதிக்க மாதிரி எப்படிக் காட்டுவாங்கன்னு செய்து காட்டுதோம்னு சொன்னாங்கள்லா? அந்த லைட்டு ரொம்ப நாளாப் போடாம மூலையில நின்னிருக்கு போல. மூடிக்குள்ள ஒரு தாய் அணிலு போறதும் வாறதுமா இருந்துச்சு. பாத்தா உள்ள தேங்கா நாரு கூடு. கண்ணு தொறக்காத குஞ்சுங்க. லைட்டைப் போட்டா வெந்துரும் சார். லைட்டுக்கார அண்ணங்க டீ குடிக்கப் போயிட்டாங்க. வந்தா தூக்கி வெளிய எறிஞ்சிருவாங்களோன்னு பயம். அதான் நாங்க ரெண்டு பேரும் ஸ்டாண்டைக் கொஞ்சம் சாய்ச்சுக் கூட்டை எடுத்தோம். நான் லைட்டைப் பிடிச்சுக்கிட்டேன். அவகிட்ட, பைய எடுத்துட்டுப் போ, யாரும் பாத்திரக் கூடாதுன்னு சொன்னேன். அவ களத்துச் சுவத்துப் பொந்துல கொண்டு வச்சிட்டா.”

வடிவு அதற்குள் சுவர்ப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “மூணு இருக்கு அண்ணாச்சி. தாயும் இருக்கு. என்னைப் பாத்து ‘நீ யாருட்டி’ன்னு கேக்கு.”

“இதை ஏம்மா காலையிலயே சொல்லல?” என்றார் கெசியா.

“எதையும் தொட மாட்டோம்னு ஒங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தோமே மிஸ். அதைத்தான் அந்த சார் பாத்துட்டார், அதுக்குத்தான் டி.சி.ன்னு நெனைச்சேன். நான் அணிலைச் சொன்னா, கூட யாருன்னு கேப்பீங்க. அவ பேரு வெளிய வந்தா அவ வீட்டுல படிப்பையே நிறுத்திருவாங்க. வருசமெல்லாம் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. எங்கப்பா அப்படி நிறுத்த மாட்டாங்க.”

கடவுள் சிலருடைய மனசை இவ்வளவு நேர்த்தியாகச் செய்துவிட்டு, அதைச் சோதிக்க ஒரு ஸ்டுடியோ மேனேஜரை அனுப்புவது ஏன் என்று பாபநாசத்துக்கு அடிக்கடி தோன்றும். அன்றும் தோன்றியது.

“சரிம்மா. லைட்டை மறுபடி பழையபடி நிமித்தி வச்சிட்டியா?”

“வச்சேன் சார். ஆனா இழுத்ததுல கால்ல இருந்த மணல் மூட்டை கிழிஞ்சு கொட்டிட்டு. லைட்டு காத்துல ஆட ஆரம்பிச்சிட்டு. அதுக்குக் கீழதான் மிஸ்ஸும் மத்தவளுகளும் வந்து நிப்பாங்க. மேல விழுந்துட்டா என்ன செய்யதுன்னு சுத்துமுத்தும் பாத்தேன். நல்ல வேளை, தூணு ஓரமா இன்னொரு மணல் மூட்டை சும்மா கிடந்துச்சு. அதைத் தூக்கிக் கால் மேல வச்சிட்டேன்.”

தகரக் கூரை ஒருமுறை அடித்துக்கொண்டது.

“கறுப்பா?” என்றார் கணேஷ்ராம்.

“எல்லாம் கறுப்புத்தானே சார்.”

“கனமா?”

“நல்ல கனம். ஆனா மத்ததை மாதிரி நெகிழாம கட்டியா இருந்துச்சு. ஈர மணலு இறுகிட்டு போலன்னு நெனைச்சேன்.”

கணேஷ்ராம் ஓடினார். அவர் அத்தனை வேகமாக ஓடுவார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மற்றவர்கள் உள்ளே போனபோது அவர் பெரிய விளக்கின் காலடியில் மண்டியிட்டு, கறுப்பு மூட்டை ஒன்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தகர டப்பாக்கள். ஒட்டிய நாடா பிரியவில்லை. வெளிச்சம் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை.

“அண்ணாச்சி, அப்போ சார் சொன்னதுதான் சரி!” என்றாள் வடிவு. “பையை எடுத்தது இந்தப் பிள்ளையேதான். தூணுகிட்ட இருந்து லைட்டுகிட்ட வரைக்கும் கடத்தியிருக்கு. சார் காலையில இருந்து இதைத் தாண்டித் தாண்டியே தேடியிருக்காவ.”

கணேஷ்ராமுக்குக் கோபம் வரவில்லை. அவர் தலையை உயர்த்தி மேலே பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேல், இரும்பும் கண்ணாடியுமான அந்தக் கனத்த விளக்கு காற்றுக்கு லேசாக அசைந்தது. நேற்று அதன் கீழே ஒரு வகுப்பே நின்று சூரியோதயம் பார்த்தது.

“என் நெகட்டிவ் மட்டும் இல்லம்மா, நீ காப்பாத்தினது” என்றார். சற்று யோசித்து, “நான் உடனே பிரின்சிபாலுக்குப் போன் பண்றேன்” என்றார்.

“போனா?” என்றார் பாபநாசம் மென்மையாக. “காலையில நேர்லதான போனிய?”

கணேஷ்ராம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “இப்ராஹிம், வண்டி எடு.”

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லூரிக் கடைசி மணி அடித்து ஓய்ந்திருந்தது. வாசல் புளிய மரத்தடியில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் தகரப் பெட்டி ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். ரீபா வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

“அப்பா!”

அப்பாத்துரை மகளின் தலையில் கை வைத்தார். கெசியாவைப் பார்த்து, “ஆஸ்டல்ல பெட்டியைக் கட்டிக் குடுத்துட்டாவ மிஸ். இவ வரட்டும்னு நிக்கேன்” என்றார்.

கணேஷ்ராம் முன்னால் வந்தார். வழியெல்லாம் அவர் ஏதோ பெரிய பேச்சாகத் தயாரித்திருக்க வேண்டும். அது வரவில்லை. “ஐயா, பொருள் கிடைச்சிடுச்சு. உங்க பொண்ணு எடுக்கல. தப்பாக் கேட்டது நான். தப்பாச் சொன்னதும் நான்.”

அப்பாத்துரை அவரை நிதானமாகப் பார்த்தார். “எம்மவ எடுத்திருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும் சார். ஆனா தெரியும்னு நான் சொன்னா எடுத்துக்கிட இங்கன ஆளு வேணும்லா. நான் மணியடிக்கிறவன். நீங்க கார்ல வந்தவுக.”

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. அதனால்தான் அது ஆழமாகப் போயிற்று.

கணேஷ்ராம் குனிந்து தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். அப்பாத்துரை தடுக்க வந்தார், அவர் விடவில்லை. பெட்டியோடு வாசலைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, நேரே பிரின்சிபால் அறைக்குப் போனார். கதவு மூடவில்லை. ஆகையால், வெளியே நின்ற எல்லாருக்கும் அவர் சொன்னது கேட்டது. காலையில் குற்றம் சாட்டிய அதே இடத்தில் நின்று, பெட்டியை இறக்காமலே, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அணிலைச் சொன்னார், விளக்கைச் சொன்னார், தன் காதைச் சொன்னார். உள்ளே ஒரு காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு பிரின்சிபால் அம்மாவின் குரல்: “இந்தப் பெட்டியை ஏன் சார் இன்னும் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க? ஹாஸ்டலுக்கு அனுப்புங்க.”

ஹாஸ்டல் வாசலில் காவலுக்கு இருந்த அம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். “ஆம்பிளையாளு உள்ள போகக் கூடாது. பெட்டியை அங்கனயே வையும்.”

“சார், விடுங்க. ஒங்களுக்கு எந்த வாசல்லயும் ராசி இல்ல” என்றாள் வடிவு.

பெட்டி இறங்கியது. அதற்குள் மாடியிலிருந்து செய்தி பரவி, மாணவிகள் தடதடவென்று ஓடிவந்து ரீபாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஒருத்தி மட்டும் தயங்கி நின்றாள். பிறகு மற்றவர்களை விலக்கிக்கொண்டு நேரே கெசியாவின் முன் வந்தாள். பெயர் சித்ரலேகா. முகம் வெளிறியிருந்தது.

“மிஸ், அந்த இன்னொருத்தி...”

ரீபா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சித்ரலேகா அசையவில்லை.

“அந்த இன்னொருத்தி நான்தான் மிஸ். இவ டி.சி. வாங்கிட்டுப் போகட்டும்னு காலையில இருந்து ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன்.”

கெசியா அவளைப் பார்த்தார். சாரல் காற்று அடித்தது. காதில் எதுவோ சரியாக விழாதவரைப்போலத் தலையைச் சாய்த்தார்.

“என்னம்மா சொல்லுத? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல” என்றார். “பெட்டி கனமா இருக்கு. அவளால ஒத்தையில தூக்க முடியாது. நீ ஒரு பக்கம் பிடி.”